எதிர் வீட்டுப் பசி

பூவன்குளம் சந்தைத் தெருவில் சண்டை ஓய்ந்த மறுநாள் காலையில், மேல வரிசைக்காரர்கள் தின்ற இட்லியெல்லாம் கீழ வரிசைக்காரர்களின் வயிற்றிலும், கீழ வரிசைக்காரர்கள் தின்ற ஆப்பமெல்லாம் மேல வரிசைக்காரர்களின் வயிற்றிலும் போய் விழுந்தன. இதை அந்த ஊரில் யாரும் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் முந்தின வாரம் அங்கே நடந்தது இதைவிடக் கேவலமாக இருந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தன்னோடு படித்தவனின் கடைக்கதவைக் கடப்பாறையால் நெம்பியிருந்தான் ஒருவன். தன் தங்கச்சி கல்யாணத்துக்கு விடிய விடியப் பந்தல் கட்டிக் கொடுத்தவனின் ஆட்டோவில் மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தான் இன்னொருவன். இதையெல்லாம் பார்த்து வாய் பிளக்காத ஊர், இட்லி இடம் மாறியதற்கா வாய் பிளக்கப் போகிறது?

தெருவின் மேல வரிசை முழுக்க இந்துக்கள், கீழ வரிசை முழுக்க முஸ்லிம்கள். வாசலுக்கு வாசல் நேர் எதிராக இருக்கும்; இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். சண்டை முடிந்த அன்று மேல வரிசை ஆண்கள் கோயில் முன்னாலும் கீழ வரிசை ஆண்கள் பள்ளிவாசல் முன்னாலும் கூடி, எதிர் வரிசை வீட்டில் செத்தாலும் இனிக் கை நனைக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். அந்தச் சத்தியங்கள் இரண்டும் எங்கே போய்ச் சேர்ந்தனவோ, சேர்ந்த இடத்தில் இருந்தவர்களுக்கு என்ன எரிச்சலோ, அடுத்த நாளிலிருந்து ஒரு வீட்டில் தின்றது நேர் எதிர் வீட்டின் பசியைத்தான் ஆற்றியது.

மேல வரிசையின் நடுவீட்டில் இருந்த முப்பிடாதிக்கு இது தன் மகளின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. மகள் செண்பகம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். சண்டை மூண்ட வாரத்தில், ரோட்டில் டயர் எரிந்துகொண்டிருந்தபோது, சுற்று வழியாக ஆஸ்பத்திரிக்குப் போய் ஆண்பிள்ளையைப் பெற்றெடுத்து, பிள்ளையும் கையுமாக வீடு திரும்பியிருந்தாள். முப்பிடாதி தட்டு தட்டாக இட்லியை அடுக்க, செண்பகமும் பிள்ளைபெற்ற பசியில் வாங்கி வாங்கித் தின்றாள். விழுங்கியது தொண்டைக்குக் கீழே காணாமல் போயிற்று.

"எம்மா, இன்னும் பசிக்கி."

"இம்புட்டும் தின்னுட்டா பசிக்கி?" என்று கேட்ட முப்பிடாதிக்கே அப்போது ஓர் ஏப்பம் வந்தது. அவள் இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ஆனால் ஏப்பத்தில் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் மணத்தன. எதிர் வீட்டு மைமூன் ஆப்பத்துக்குப் பிழிகிற தேங்காய்ப்பாலின் மணம் அது. எத்தனை வருஷம் வாங்கிக் குடித்தவள், முப்பிடாதிக்கு மணம் மறக்குமா?

முதல் வாரத்தில் தெருவே இதை வைத்து விளையாடியது. சைவம் தவிர வேறெதையும் தொடாத தபால்காரர் ஆறுமுகநயினார் ஏப்பம் விடும்போதெல்லாம் ஈரல் வறுவல் மணக்க, பாவம், அந்த மனிதர் ஒரு நாளைக்குப் பலமுறை தலை முழுகிச் சளி பிடித்துப் படுத்தார். கீழ வரிசையில் ஒருவன் வேண்டுமென்றே விளக்கெண்ணெய் குடித்தான். அவன் எதிர் வீட்டுக்காரன் சொம்பும் கையுமாக அலைந்தான். பதிலுக்கு மேல வரிசையில் ஒருவன் காந்தாரி மிளகாயை மென்று முழுங்கிவிட்டு, எதிர் வீட்டிலிருந்து அலறல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். சில சாமர்த்தியசாலிகள் பஸ் ஏறித் தென்காசிக்குப் போய்ப் பரோட்டா தின்று பார்த்தார்கள். அங்கே இவர்கள் பிய்த்துப் போட்ட பரோட்டாவுக்கு இங்கே எதிர் வீட்டார் வேட்டியைத் தளர்த்திக்கொண்டார்கள். ஊர் டாக்டர் எல்லோருக்கும் வாயு மாத்திரை எழுதிக் கொடுத்தார், அந்த மாத்திரையும் எதிர் வீட்டு வாயுவைத்தான் இறக்கியது.

விளையாட்டு அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆனால் ஊரில் மூளை உள்ள ஆட்கள் இருந்தார்களே, எந்த ஊரையும் கெடுப்பதற்கு அவர்கள் போதும். அவர்களில் ஒருவன் முப்பிடாதியின் புருஷன் ஆவுடையப்பன், கோயில் கொடைவிழாக் கமிட்டியில் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள். அவன் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நான் எதுக்குத் திங்கணும்? தின்னா எம் பசியா போவுது? அந்தச் சிந்தாமதாருக்குல்லா வயிறு நெறையுது. அவனுக்கு ஊட்டி வளக்கவா நான் உழைக்கேன்?"

சிந்தாமதார் மைமூனின் புருஷன். பள்ளிவாசல் பக்கத்தில் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் அவர். ஆவுடையப்பன் தட்டைத் தள்ளிய அதே நாளிலோ அதற்கு முந்தின நாளிலோ அவரும் இதையே சொல்லி எழுந்துவிட்டிருந்தார். நான் தின்றால் எனக்கு நிறையாது, எதிரிக்குத்தான் நிறையும், ஆகையால் நான் தின்னாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை, அவன் சாவான் என்கிற இந்தக் கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்ததென்றால், தெரு முழுக்க ஒருத்தனுக்கும் மறுபேச்சு எழவில்லை. ஒவ்வொரு வீடாக அடுப்பு அணைந்தது. மேல வரிசையில் எல்லோரும் எதிர் வரிசை பட்டினி கிடப்பதைக் கொண்டாடிக்கொண்டு பட்டினி கிடந்தார்கள், கீழ வரிசையிலும் அதேதான். கன்னம் ஒட்டிப்போன ஆண்கள் வாசலில் உட்கார்ந்து, எதிர் வீட்டுக்காரன் கன்னம் தன்னுடையதைவிட அதிகமாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். தூ, என்று முப்பிடாதி அடுக்களைச் சுவரைப் பார்த்துத் துப்பினாள்.

அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. தாசில்தார் சமுதாயக் கூடத்தில் சமாதானக் கூட்டம் போட்டார். இரண்டு வரிசைப் பெரிய மனிதர்களும் கட்டிப்பிடித்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அன்பு, சகோதரத்துவம் என்று மைக்கில் மாறி மாறிப் பேசினார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் எல்லா நதியும் கடலுக்குத்தான் போகிறது என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். கடைசியில் சூடாக உளுந்தவடை வந்தது. ஒருவன் கை நீட்டவில்லை. இவன் கடித்தால் அவன் வயிறு நிறையுமே! வடை ஆறி, எண்ணெய் உறைந்து, நாய்க்குப் போயிற்று. நாய்கள் மட்டும் சத்தியம் செய்யாததால் தின்று நன்றாக இருந்தன.

இந்த வீம்பில் முதலில் முப்பிடாதியும் கொஞ்ச நாள் இருந்தாள். அவளுக்கும் கோபம் இருந்தது, இல்லாமல் என்ன? சண்டைக்கு விதையே அவள் வாசலில் விழுந்ததுதான். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு முப்பிடாதி தன் கையில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்த வாரத்தில் பக்ரீத் வந்தது. காப்புக் கட்டிய வீட்டு நிலைப்படியில் வேப்பிலைத் தோரணம் தொங்கும், கறி அந்த வாசலுக்கே வரக்கூடாது. அது மைமூனுக்கு நன்றாகவே தெரியும். கோயில் கொடைக் காப்பும் பக்ரீத்தும் சேர்ந்து வருகிற வருஷங்களில் அவள் கறிக்குப் பதிலாகப் பேரீச்சம்பழம்தான் கொடுத்தனுப்புவாள். அந்த வருஷம் மட்டும் முப்பிடாதி கோயிலுக்குத் தண்ணீர் எடுத்துவிட்டு வந்து பார்த்தால், வேப்பிலைக்கு நேர் கீழே, படியில், ஒரு வார்த்தை சொல்லாமல் குர்பானிக் கறி வைத்த கிண்ணம் இருந்தது. அவள் கையில் கிடைத்த விளக்குமாற்றால் அதைப் படியிலிருந்து தள்ளினாள். கிண்ணம் உருண்டு சாக்கடையில் விழுந்ததைத் தெரு பார்த்தது. எங்கள் விரதத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு வரிசையும், அல்லாவின் பேர் சொல்லி அறுத்ததை விளக்குமாற்றால் தள்ளினார்கள் என்று மறு வரிசையும் கிளம்ப, மற்றதெல்லாம் ஆண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் இப்போது செண்பகத்துக்குப் பால் வற்றிவிட்டது. தாய்ப்பால் அடுப்பில் ஏறாத சாப்பாடு என்பதாலோ என்னவோ, அதை மட்டும் அந்தச் சாபம் தொடவில்லை. அது குடித்த பிள்ளையின் வயிற்றிலேயே தங்கியது. ஆனால் அது ஊற வேண்டுமானால் செண்பகத்தின் வயிறு நிறைய வேண்டும், செண்பகத்தின் வயிறு நிறைய வேண்டுமானால் மைமூன் வீட்டில் யாராவது தின்ன வேண்டும். புட்டிப்பால் கொடுத்துப் பார்த்தார்கள், பிள்ளை குடித்த பால் எதிர் வீட்டுக்குப் போனது. செண்பகத்துக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், அன்று சிந்தாமதார் தெம்பாக வெளியே வந்து இரண்டு வாளி தண்ணீர் தூக்கிக்கொண்டு போனார். பிள்ளை முதலில் வீறிட்டு அழுதது, பிறகு சிணுங்கியது, பிறகு வாயை மட்டும் திறந்து மூடியது. முந்தின நாளிலிருந்து அதனிடம் சத்தமே இல்லை. செண்பகம் அதை மாரோடு வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், முப்பிடாதி பக்கத்தில் போனால்கூடத் திரும்பவில்லை.

அன்று உச்சிவெயிலில் முப்பிடாதி அடுப்பைப் பற்ற வைத்தாள். உலையில் அரிசியைப் போட்டாள், புளியைக் கரைத்தாள், கத்திரிக்காயை நறுக்கினாள். நார்க்கட்டிலில் கிடந்த ஆவுடையப்பன் தலையைத் தூக்கினான்.

"ஏட்டி, யாருக்குப் பொங்குத?"

"மைமூனுக்கு."

"ஒனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? நம்ம ஆளுவ மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"ஒம்ம பேரன் கண்ணே முழிக்க மாட்டேங்கான்," என்றாள் முப்பிடாதி. "ஒமக்கு ஊரு மொகத்துல முழிக்கணுமா? அந்தக் கட்டில்லயே கெடயும். எந்திரிச்சு வந்தீருன்னா கொதிக்கிற கொழம்ப மேல ஊத்திருவேன், ஆமா."

அவள் ஊற்றக்கூடியவள்தான் என்பது ஆவுடையப்பனுக்குத் தெரியும். படுத்துவிட்டான்.

சோற்றுச் சட்டியையும் குழம்பையும் தூக்கிக்கொண்டு வந்து தன் வாசற்படியில், தெருவைப் பார்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். அடுப்பு மணம் போய் நாளாகிவிட்ட அந்தத் தெருவில் புளிக்குழம்பு மணத்ததும் இரண்டு வரிசையிலும் ஜன்னல்கள் திறந்தன. முப்பிடாதி சோற்றைப் பிசைந்து, ஒரு பெரிய கவளத்தை உருட்டி வாயில் போட்டுக்கொண்டு, எதிரே சாத்தியிருந்த கதவைப் பார்த்துக் கத்தினாள்.

"மைமூன் மைனி! திங்கேன், பாத்துக்கிடுங்க! ஒங்க வீட்டுக்குத்தான் திங்கேன்! வயிறு நெறையட்டும்! ஒங்க புருசனுக்கு நெறையட்டும், ஒங்க மருமவளுக்கு நெறையட்டும்! எம் பேரன் மட்டும் சாவட்டும்!"

அவளுக்கு ஒரு பருக்கையின் பலனும் இல்லை. விழுங்க விழுங்கப் பசி கூடியது. ஆனாலும் விடாமல் கவளம் கவளமாக உள்ளே தள்ளினாள், யார் மேலோ உள்ள கோபத்தில் மூட்டையில் பஞ்சு திணிக்கிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் எதிர்க்கதவு படாரென்று திறந்தது. மைமூன் நின்றாள். எலும்பும் தோலுமாக இருந்தாள், ஆனால் கேட்காமல் வந்த நிறைவில் முகம் சிவந்திருந்தது.

"யாரு ஒங்கள எங்களுக்கு ஊட்டச் சொன்னா? பிச்ச போடுதீயளோ?"

"ஆமா, போடுதேன். ரோசம் இருந்தா திருப்பிப் போடுங்க!"

"எங்க ஈச்சம்பழத்தத் தின்னுட்டு, எங்க கறிய வாரியலால தள்ளுன கைதான அது? அல்லா பேரச் சொல்லி அறுத்தது மைனி. ஏழைக்கும் சொந்தத்துக்கும் குடுக்கிற பங்கு. காப்பு அவுத்ததும் குடுக்கணும்னு ஒங்களுக்குச் சொந்தக்காரப் பங்கத்தான் எடுத்து வச்சிருந்தேன். அதப் போயி..."

"எம் படியில காப்பு அன்னிக்கி அத வச்சது யாரு? திருடன் மாதிரிச் சத்தமில்லாம வச்சிட்டுப் போனது யாரு?"

இரண்டு வரிசையிலும் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். சிந்தாமதார் மைமூனுக்குப் பின்னாலிருந்து வந்து, கையை ஓங்கி, "உள்ள போ புள்ள! பொம்பளைக்கு என்ன தெருவுல பேச்சு? சத்தியம் மறந்துட்டா?" என்று அதட்டினார். அவர் அப்படி அதட்டிப் பல நாளாகியிருந்தது; பட்டினியில் வாயைத் திறந்தாலே இருமல்தான் வந்துகொண்டிருந்தது.

"வே, எஞ் சோத்துத் தெம்புலதான் நீரு சத்தம் போடுதீரு!" என்று முப்பிடாதி கையில் இருந்த பருக்கையோடு அவரைச் சுட்டினாள். "அந்தத் தெம்ப எம் மேலயே காட்டுதீரா? வெக்கமா இல்ல?"

சிந்தாமதார் ஓங்கிய கையை இறக்கினார். கீழ வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் மைமூனின் முதுகுக்குப் பின்னாலிருந்து அவளுடைய மருமகள் ரிஸ்வானா முன்னால் வந்தாள். தூரத்து ஊரிலிருந்து அந்த வருஷம்தான் கல்யாணமாகி வந்த பெண், தெருவில் யாரோடும் இதுவரை பேசியதில்லை.

"நாந்தான் மாமி வச்சேன்," என்றாள். "திருட்டுத்தனமா வைக்கல. ஒங்க வாசல்ல வேப்பில கட்டிருந்துச்சு. எங்க ஊருல வேப்பில கட்டுனா அந்த வீட்டுல அம்ம போட்டிருக்குன்னு அர்த்தம். அம்ம போட்ட வீட்டுல பேரச் சொல்லிக் கூப்புடக் கூடாது, உள்ளயும் போவக் கூடாது. நெறமாசமா இருக்கிற அக்காவுக்குத்தான் போட்டிருக்கோன்னு பயந்து போயி, சத்தமில்லாம வச்சிட்டு, அவங்களுக்காவ துவா கேட்டுட்டு வந்தேன். எங்க மாமியாட்ட கேட்டிருக்கணும், கேக்கல."

முப்பிடாதிக்குக் கை அப்படியே நின்றது. வந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் ரிஸ்வானா மேலேயே திரும்பியது.

"இத அன்னிக்கே வந்து சொன்னா என்னட்டி?"

"எங்கன சொல்ல?" என்றாள் மைமூன். "அதுக்குள்ள ஒங்க ஆளுவ கம்பத் தூக்கிட்டு வந்துட்டாவ. எங்க ஆளுவ கல்லத் தூக்கிட்டுப் போயிட்டாவ. நடுவுல நின்னு வேப்பிலையப் பத்திச் சொன்னா எவன் கேட்டான்?"

"நானும் ஒங்கள இழிவு பண்ணத் தள்ளல மைனி. கையில காப்பு. அதக் கையால தொட்டா வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆவாதுன்னு பயந்தேன். கையில வாரியல் இருந்துச்சு, தள்ளிட்டேன்." முப்பிடாதிக்கு வந்த வருத்தமும் கோபமாகத்தான் வெளியே வந்தது. "ஆனாலும் வாரியல் தப்புதான். ஒரு கொரல் குடுத்திருக்கணும். ஒத்துக்கிடுதேன். அதுக்காவ என் ஆத்திரம் போயிட்டுன்னு நெனைக்காதீய. ஒங்க ஆளுவ எரிச்ச ஆட்டோ எரிச்சதுதான்."

"ஒங்க ஆளுவ ஒடச்ச கட ஒடச்சதுதான்," என்றாள் மைமூன். "எனக்கும் போவல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மைமூன் முப்பிடாதியின் வீட்டு உள்ளறைப் பக்கம் பார்த்தாள். "புள்ள சத்தமே கேக்கலயே. ரெண்டு நாளா காத வச்சுக்கிட்டுத்தான் கெடக்கேன்."

"சத்தம் போடத் தெம்பில்ல."

"என் வீட்டுல அடுப்பெரிஞ்சு எத்தன நாளாச்சு," என்று மைமூன் முணுமுணுத்தாள். "ஒரு மணி சோறு கெடயாது."

முப்பிடாதி சட்டியைத் தூக்கினாள். சண்டைக்குப் பிறகு யாரும் கடக்காத அந்தத் தெருவைக் கடந்தாள். "ஏ, நில்லு!" என்று அவள் முதுகுக்குப் பின்னால் மேல வரிசைக் குரல்கள் எழுந்தன. "மைமூன், தொடாத! சத்தியம்!" என்று முன்னால் சிந்தாமதார் அதட்டினார்.

"சத்தியம் பண்ணுனது நீங்க," என்று மைமூன் புருஷன் பக்கம் திரும்பினாள். அவள் அவரிடம் குரல் உயர்த்தி அந்தத் தெரு பார்த்ததில்லை. "எங்கிட்டக் கேட்டா பண்ணுனீய? எங்கள எவனாவது கேட்டானா? சோறு வடிக்கிறது நாங்க, புள்ள பெறுறது நாங்க, கை நனைக்கலாமா கூடாதான்னு முடிவு பண்ணுறது மட்டும் நீங்களோ? போங்க அங்கிட்டு!"

படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். முப்பிடாதி சட்டியை அவள் மடிக்கு நேரே வைத்தாள். தட்டு கொண்டுவரக்கூட இருவரும் காத்திருக்கவில்லை. மைமூனின் வயிறு முப்பிடாதி தின்ற சோற்றால் ஏற்கனவே நிறைந்திருந்தது, ஒரு கவளத்துக்குக்கூட அதற்கு மனமில்லை; இருந்தாலும் பிஸ்மில்லா சொல்லிக் கையை விட்டாள். ருசி பார்க்காமல், மெல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். புளியும் காரமும் கண்ணில் நீரைக் கொண்டுவந்தன. "உப்பு கூடிட்டு," என்றாள் வாய் நிறைய. "வாய மூடிட்டுத் தின்னுங்க," என்றாள் முப்பிடாதி.

தெரு முழுக்க அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பிடாதிக்குத் தன் வீட்டைத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. ஒரு கவளம் போயிற்று, ஒன்றும் கேட்கவில்லை. இன்னொன்று போயிற்று. ஆவுடையப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றிருந்தான், யாரையும் தடுக்கவில்லை. மைமூனுக்கு விக்கியது, முப்பிடாதி அவள் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள், அது அடியா உதவியா என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

"எம்மா!" என்று மேல வரிசை நடுவீட்டிலிருந்து செண்பகத்தின் குரல் வந்தது. "எம்மா, ஜாக்கெட்டு நனையுது! பாலு! எம்மா!"

பிறகு ஒரு செருமல். சின்னத் தொண்டையில் திடீரென்று நிறைய வந்து புரையேறிய செருமல். அதன் பின்னால் பிள்ளை, இத்தனை நாள் சேர்த்து வைத்த ஆத்திரத்தையெல்லாம் திரட்டி, இரண்டு வரிசைக்கும் கேட்கும்படி வீறிட்டு அழுதது.

மைமூனின் கை சட்டிக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள், கண்ணீர் தாடையிலிருந்து சோற்றில் விழுந்தது.

"என்ன பாத்துக்கிட்டு இருக்க?" என்று முப்பிடாதி அவள் மணிக்கட்டைப் பிடித்து வாய்க்குத் தள்ளினாள். "நிறுத்தாத மைனி. தின்னு."